பப்புவா நியூ கினி: எம்.பி.க்குக் கோடி கொடுத்தால் ஊருக்கு ரோடு வருமா?

கேள்வி | 22 ஏப்ரல் 2025

பப்புவா நியூ கினியில் பிரதமர் ஜேம்ஸ் மராபே மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன வாரம் 89-க்கு 16 என்று தோற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருஷம் ஒரு கோடி கினா, எம்.பி. தலைமையில் செலவழிக்கக் கொடுக்கிறார்களாம். தலைநகரத்துக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. அதிகாரப் பரவலாக்கம் என்றால் இதுதானே? பிறகு ஏன் அந்த நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்? என் கணிப்பு: திட்டம் நல்லது, ஆட்கள் திருடர்கள். அங்கே வேலை பார்த்தவர் இருந்தால் சொல்லவும்.

23 ஏப்ரல் 2025

திருடர்கள் என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. திருட்டு உண்டுதான். ஆனால் பத்து பைசா தொடாத எம்.பி. வந்து உட்கார்ந்தாலும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

நான் அங்கே மலைநாட்டு நகரமான மவுண்ட் ஹேகனில் ஒரு ஹோல்சேல் கடையில் கணக்கு பார்த்தவன். அரிசி, டின் மீன், கூரைத் தகரம், ஆணி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எல்லாம் விற்ற கடை. அரசாங்கம் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். மந்திரி வீட்டு ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

முதலில் ஏட்டில் உள்ளது. திட்டத்தின் பெயர் மாவட்டச் சேவை மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமாக டி.எஸ்.ஐ.பி. மாவட்டத்துக்கு ஒரு கோடி என்று ஆனது 2013-லிருந்து. அப்போது 89 மாவட்டங்கள். மாகாண ஆளுநர்களுக்குத் தனி நிதி. 2014 சட்டப்படி மாவட்ட வளர்ச்சி ஆணையம் என்று ஒன்று அமைத்தார்கள். அதன் தலைவர் அந்தத் தொகுதி எம்.பி.யேதான், மாவட்ட நிர்வாகி அவருக்குக் கீழே தலைமைச் செயல் அலுவலர். அதாவது பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறவரும் அந்தப் பணத்தைச் செலவழிக்கும் குழுவின் தலைவரும் ஒரே ஆள். அரசைக் கேள்வி கேட்க வேண்டியவரும் அவரே. மூன்றாவது வேலைக்கு அவருக்கு எங்கே நேரம்?

இப்போது தீர்மானத்தில் விழுந்த அந்த 89-க்கு 16 ஓட்டைப் பாருங்கள். பட்ஜெட்டில் எழுதியதால் மட்டும் பணம் மாவட்டத்துக்கு வந்துவிடாது. முதலில் வாரன்ட் (செலவழிக்க அனுமதித் தாள்) வர வேண்டும், பிறகு அதற்கு ரொக்கம் விட வேண்டும். எப்போது விடுவது, யாருக்கு முதலில் விடுவது எல்லாம் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் முடிவாகும். எங்கள் பணம் மட்டும் வந்து சேரவில்லை என்பது எதிர்வரிசைக்காரர்களின் நிரந்தரப் புகார். ஆகவே தொகுதி மக்களே எம்.பி.யிடம் வந்து "ஆளுங்கட்சிப் பக்கம் போய் உட்காருங்கள்" என்கிறார்கள். கட்சி தாவினான் என்று அங்கே ஊரில் யாரும் கொடும்பாவி கொளுத்துவதில்லை. தாவாவிட்டால்தான் கோபம்.

24 ஏப்ரல் 2025

"எம்.பி. கடைக்கு வந்து நோட்டை எண்ணிக் கொடுப்பாரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. காகிதம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், அதுதான் வேடிக்கை.

அரசுக் கொள்முதலுக்கு எஃப்.எஃப்.3 என்று கோரிக்கைப் படிவம், எஃப்.எஃப்.4 என்று செலவுப் படிவம். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். செக்‌ஷன் 32 ஆபீசர் (கோரிக்கைக்கு ஒப்புதல் தருகிறவர்) கையெழுத்து, நிதி அதிகாரம் உள்ளவர் கையெழுத்து, ஒதுக்கீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற கிளார்க்கின் முத்திரை. எல்லாம் முடிந்தால் செக். சரக்கு அவசரம் என்றால் ஐ.எல்.பி.ஓ.சி. என்கிற ஆர்டர் தாளை நீட்டுவார்கள். நீ இப்போது சரக்கைக் கொடு, அரசாங்கம் பிறகு பணம் தரும் என்று அதற்கு அர்த்தம். எங்கள் கவுன்டர் கம்பிவலையில் "ஐ.எல்.பி.ஓ.சி. வாங்க மாட்டோம்" என்று அட்டை தொங்கியது. பக்கத்துக் கடையிலும் தொங்கியது. பழைய தாள்களுக்கு வரவேண்டிய பாக்கி எங்கள் பேரேட்டில் வருஷக்கணக்காக அப்படியே கிடந்தது.

ஒரு நாள் காலையில் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் வந்தார். மலைக்கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போகிற குழு. வெளியே லேண்ட் குரூசரின் பின்பக்கம் ஐஸ் பெட்டி, அதன் மேல் ஈரச் சாக்கு. அவருக்கு வேண்டியது குழுவுக்கு ஒரு வாரச் சாப்பாட்டு அரிசியும் டின் மீனும். கையில் இருந்தது ஐ.எல்.பி.ஓ.சி. முதலாளி அட்டையைக் காட்டினார். அந்த ஆள் சண்டை போடவில்லை, பழகிப்போன முகம். வெயில் ஏறுகிறது, ஐஸ் கரையும் என்று மட்டும் சொன்னார். கடைசியில் தன் சொந்தப் பணத்தில் ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு போனார். மத்தியானம் அதே கவுன்டருக்கு ஒரு மாவட்ட எம்.பி.யின் ஆள் வந்தார். கையில் டி.எஸ்.ஐ.பி. செக். லாரி நிறையத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் ஒட்ட எம்.பி. படம் போட்ட ஸ்டிக்கர் அவரே கொண்டுவந்திருந்தார்.

இரண்டும் ஒரே அரசாங்கம்தான். முதல் ஆளுக்குப் பின்னால் ஒரு துறை இருந்தது, இரண்டாவது ஆளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். பிரச்சினை எங்கே என்று கேட்டால் நான் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

25 ஏப்ரல் 2025

மூன்று விலைப்புள்ளி பற்றி: ஒரே ஆள் மூன்றையும் ஒரே உறையில் கொண்டுவருவார். மூன்று கடைத் தலைப்புத் தாள், மூன்றிலும் தகரத்துக்கு ஒரே எழுத்துப்பிழை. எங்களுடையதுதான் எப்போதும் குறைந்த விலை. மற்ற இரண்டு கடைகளுக்கும் நாங்கள் அதே உபகாரத்தைத் திருப்பிச் செய்திருப்போம் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். நான் மேற்கொண்டு எழுத மாட்டேன்.

2 மே 2025

"வான்டோக் (ஒரே மொழி பேசுகிறவன்) கலாசாரம்தான் காரணம், தன் இனத்தானுக்குத்தான் செய்வான், இதை மாற்ற முடியாது" என்று நீளமாக ஒரு பதில் வந்திருக்கிறது. பப்புவா நியூ கினி பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இதைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள். தன் மொழிக்காரன், தன் குலத்தான் என்ற பாசமும் கடமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கீழே வேலை பார்த்த ஸ்டோர் கிளார்க் ஒருவர் தன் குலத்து வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டதற்குச் சொன்ன காரணத்தில் பாசமே கிடையாது. அவர் ஊர் எய்ட் போஸ்ட் (சின்ன மருத்துவ நிலையம்) மூடிக் கிடக்கிறது. பாலம் போய்விட்டது. இதற்கு யாரிடம் போய் மனு கொடுப்பது? மாகாணத் தலைமையகத்தில் அவர் பேரைக் கேட்க ஆள் இல்லை. தெரிந்தவன் எம்.பி. ஆனால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். தெரியாதவன் ஆனால் அதுவும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

துறை மூலமாக மருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கும். கலாசாரத்தைக் குறை சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

2 மே, இரவு

அதே பதிலில் "சர்வாதிகாரி ஒருவர் வந்தால் சரியாகும்" என்றும் இருக்கிறது. தலைநகரத்திலிருந்து ஹேகனுக்கோ லே நகரத்துக்கோ ரோடே கிடையாது. சர்வாதிகாரியும் விமான டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும்.

11 மே 2025

தேர்தல் முறை பற்றிக் கேட்டவருக்கு. இதில் எனக்கு ருசி அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975 சுதந்திரத்துக்குப் பிறகு அதிக ஓட்டு வாங்கியவன் ஜெயித்தான் என்ற முறை. தொகுதிக்கு இருபது, முப்பது பேர், மலைநாட்டில் அதற்கும் மேல் நிற்பார்கள். குலத்துக்கு ஒருவர் நின்றால் எண்ணிக்கை அப்படித்தான் வரும். 2002 தேர்தலில் ஜெயித்தவர்களில் பாதிக்கு மேல், தொகுதியில் விழுந்த ஓட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வாங்காதவர்கள். ஐந்தில் நாலு பேருக்கு வேண்டாதவர் எம்.பி. அவர் யாருக்கு வேலை செய்வார்?

அதனால் 2007 பொதுத்தேர்தலிலிருந்து எல்.பி.வி. என்கிற வரையறுத்த விருப்ப வாக்கு முறை. வாக்காளர் கட்டாயம் மூன்று பேரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுகளை இரண்டாவது விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இப்படியே ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு போவது. மூன்று பெயரும் நீங்கிப்போன சீட்டு ஓரமாகப் போய்விடும், மிச்சத்தில் பாதியைத் தாண்டினால் வெற்றி.

ஹேகனில் எண்ணிக்கை நடந்தபோது வேலி ஓரத்தில் ஜனங்கள் நாள்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கடைப் பையன்களுக்கு எந்த நீக்கத்தில் யார் ஓட்டு யாருக்குப் போகும் என்று மனப்பாடம். அந்தக் குலத்துக்கு இவர்களோடு கல்யாண உறவு, அதனால் இரண்டாவது விருப்பம் இங்கே வரும், ஆனால் போன வருஷம் நஷ்டஈடாகக் கொடுக்கும் பன்றி விஷயத்தில் தகராறு, அதனால் பாதிதான் வரும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும். கருத்துக்கணிப்புக் கம்பெனிகள் இவர்களை வேலைக்கு எடுக்கலாம்.

வியாபாரப் பக்கம்: தேர்தல் மாதத்தில் எங்களுக்குத் திருவிழா. வேட்பாளர் பிரசார வீடு போட்டு ஆதரவாளர்களுக்குச் சோறு போடுவார். அரிசியும் டின் மீனும் லாரியில் போகும். வேட்பாளருக்குக் கடன் கிடையாது என்பது முதலாளியின் ஒரே சட்டம். தம்பி முறை ஆனாலும் ரொக்கம். தோற்றவரிடம் வசூலிக்க முடியாது, ஜெயித்தவரிடம் கேட்க முடியாது.

பெண்களைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2012-ல் மூன்று பெண்கள் ஜெயித்தார்கள். 2017-ல் 111 இடத்தில் ஒருவர்கூட இல்லை. 2022-ல் 118-ல் இரண்டு பேர், மத்திய மாகாணத்தில் ரூஃபினா பீட்டர், ராய் கோஸ்டில் கெஸ்ஸி சவாங். பிரசார வீடு போட்டுப் பல நூறு பேருக்குச் சோறு போட்டால்தான் வேட்பாளர் என்று மதிக்கிற இடத்தில், பன்றியும் நிலமும் ஆண்கள் கையில் இருக்கும்போது, இந்த எண்ணிக்கைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

12 மே 2025

"எல்.பி.வி.யால் வன்முறை குறைந்ததா?" 2007-ல் குறைந்தது போல இருந்தது. இரண்டாவது ஓட்டு கேட்டு அடுத்த குலத்து ஊருக்குள் போக வேண்டியிருந்ததால், பேச்சாவது நடந்தது. 2022-ஐப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பரிசு ஒரு கோடி ஆகிவிட்டதே.

3 ஜூன் 2025

மராபே ஜெயித்த தீர்மானத்துக்கே வருவோம். அங்கே ரிசார்ட் அரசியல் ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. "கேம்ப்" என்பார்கள். தேர்தல் முடிந்ததும், தீர்மானம் வரும்போதும் எம்.பி.க்களை விமானத்தில் ஏற்றி எங்காவது கடலோர ஊருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது.

2020 நவம்பரில் எதிரணிக்கு எண்ணிக்கை கூடிவிட்டது. மந்திரிகளே தாவினார்கள். அவையைத் தள்ளி வைத்துவிட்டு எல்லோரும் வானிமோவில் கேம்ப் போட்டார்கள். சபாநாயகர் ஒத்திவைப்பைத் தள்ளிவிட்டு, முன்கூட்டியே அவையைக் கூட்டினார். எதிரணி வானிமோ கடற்கரையில் இருக்க, மோர்ஸ்பியில் பட்ஜெட் நிறைவேறியது. அந்தக் கூட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பரில் சொன்னது. அதற்குள் தாவியவர்களில் பலர் திரும்பிவிட்டார்கள், மராபே தப்பித்தார்.

தாவலைத் தடுக்கச் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். 2001-ல் கட்சிகள் ஒழுங்குச் சட்டம். கட்சியை விட்டுப் போனாலும், பிரதமர் தேர்வில் கட்சி முடிவை மீறினாலும் நடவடிக்கை. அது இருந்த 2002–07 காலத்தில்தான் மைக்கேல் சொமாரே முழு ஐந்து வருஷத்தை முடித்தார். அதற்கு முன் எந்தப் பிரதமரும் முடித்ததில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. எம்.பி.யின் பேச்சு, வாக்குச் சுதந்திரத்தில் கை வைக்கிறது என்று.

அடுத்த வருஷம் நடந்ததுதான் உச்சம். 2011-ல் சொமாரே சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்தார். ஆகஸ்டில் பிரதமர் நாற்காலி காலி என்று சொல்லி நாடாளுமன்றம் பீட்டர் ஓ'நீலைத் தேர்ந்தெடுத்தது. டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று அது செல்லாது, சொமாரேதான் பிரதமர் என்றது. நாடாளுமன்றம் கேட்கவில்லை. இரண்டு பிரதமர், இரண்டு அமைச்சரவை, இரண்டு போலீஸ் கமிஷனர். ஜனவரியில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் ராணுவத் தளபதியைப் பிடித்து வைத்துக்கொண்டார். மே மாதம் துணைப் பிரதமர் பெல்டன் நாமா, போலீஸ், ராணுவத்தினரோடு நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்து தலைமை நீதிபதியைக் கைது செய்யச் சொன்னார்.

இவ்வளவுக்கும் கடை ஒரு நாள்கூட மூடவில்லை. ஹேகனில் சந்தை நடந்தது, காபி லாரி போனது. எங்களுக்கு இருந்த ஒரே கவலை, எந்த நிதி மந்திரி கையெழுத்துப் போட்ட செக் பாங்கில் பாஸாகும் என்பது.

பிறகு 2012 தேர்தல். ஓ'நீல் ஜெயித்தார். அவரைப் பிரதமராக்க ஆதரவு கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சொமாரே.

4 ஜூன் 2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "காமெடி நாடு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு நடந்தும் தேர்தலை யாரும் நிறுத்தவில்லை. 1975-லிருந்து ஒரு ராணுவ ஆட்சி இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பாதிப்பேருக்குப் பக்கத்தில் எம்.பி.க்கள் தோற்று வீட்டுக்குப் போகிறார்கள். நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறது, சொல்லிவிட்டு அடுத்த வருஷமும் சொல்கிறது. ஓ'நீல் 2013-ல் புதுப் பிரதமர் மீது தீர்மானம் கொண்டுவரக் கூடாத காலத்தை 18 மாதத்திலிருந்து 30 ஆக்கினார், 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆட்சியாளர்களைத் துரத்துவதில் அந்த மக்களுக்கு ஒரு குறையும் இல்லை. துரத்திய பிறகு எய்ட் போஸ்ட் திறப்பதில்தான் குறை.

மராபே இன்னும் கெட்டி. இந்த மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தீர்மானம் ஒன்று தோற்றால் அடுத்த 18 மாதத்துக்கு இன்னொன்று கூடாது என்று வைத்தார்கள். ஏப்ரலில் தோற்றதிலிருந்து எண்ணினால் 2026 அக்டோபர். ஆனால் தேர்தலுக்கு முந்தைய கடைசி 12 மாதத்தில் தீர்மானம் ஜெயித்தால் புதுப் பிரதமர் வர மாட்டார், நாடாளுமன்றமே கலைந்துவிடும். 2027 நடுவில் தேர்தல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலே இல்லாமல் கட்டிவிட்டார்.

20 ஜூன் 2025

"நம்ம சிவகாசித் தமிழர் அங்கே ஆளுநராமே, அவரைப் பற்றிச் சொல்லவில்லையே?"

சசீந்திரன் முத்துவேல். மேற்கு நியூ பிரிட்டன் மாகாணம், தலைநகர் கிம்பே, செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். கடை வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். 2012, 2017, 2022 என்று மூன்று முறை ஜெயித்தவர், மராபே அமைச்சரவையில் அரசு நிறுவனங்கள் துறையும் பார்த்தார். இங்கே பலர் ராஜ்பவன் ஆளுநர் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துகிறார்கள். அங்கே அது நியமனப் பதவி இல்லை. 1995 வரை மாகாணங்களுக்குத் தனியாகத் தேர்தல் நடந்த சட்டசபைகள் இருந்தன. ஜூலியஸ் சான் பிரதமராக இருந்தபோது அவற்றைக் கலைத்து, மாகாணம் முழுவதற்குமான எம்.பி.யே ஆளுநர் என்று ஆக்கினார்கள். மாகாண நிர்வாகத்தை நடத்துகிறவர், தலைநகரில் எம்.பி.யும் அவர்தான். மூன்று முறை ஜெயிப்பது அந்த நாட்டில் லேசான காரியம் இல்லை, அதுவும் வான்டோக் என்று ஒரு குலமும் பின்னால் இல்லாதவர். கலாசாரம்தான் எல்லாம் என்று மேலே சொன்னவர் இதற்குப் பதில் சொல்லலாம்.

எனக்கு அவரைத் தெரியாது. போட்டோ கேட்காதீர்கள்.

8 ஜூலை 2025

ஒருபக்கமாகப் பேசிவிட்டேனோ என்று ஓர் உறுத்தல், அதனால் மறுபக்கம்.

டி.எஸ்.ஐ.பி. வந்த பிறகு ஹேகனைச் சுற்றி ரோடு போட்ட மாவட்டங்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, ஆசிரியர் வீடு, அம்மாக்களுக்குச் சந்தைக் கொட்டகை என்று கண்ணால் பார்க்கும்படி வந்தவை உண்டு. மோர்ஸ்பியில் ஒரு துறை வசம் கொடுத்திருந்தால் அந்தப் பணம் மோர்ஸ்பி ஹோட்டல் கருத்தரங்குகளைத் தாண்டி மலையேறியிருக்குமா என்பது சந்தேகம். நல்ல எம்.பி. கிடைத்த மாவட்டம் பிழைத்தது. அதை மறைக்கக் கூடாது.

ஆனால் அது எல்லாம் கட்டடம். ரிப்பன் வெட்டலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். எய்ட் போஸ்ட் கட்டிய பிறகு மருந்து, மண்ணெண்ணெய், ஊர் ஊராகப் போய் வரும் செலவு எல்லாம் வேறு கணக்கு. அதற்கென்று 2009-ல் ஒரு நல்ல சீர்திருத்தமே வந்தது. ஒரு மாகாணத்தில் சேவை கொடுக்க உண்மையில் எவ்வளவு ஆகும் என்று செலவுக் கணக்குப் போட்டு, அந்த மாகாணத்துச் சொந்த வருமானத்தைக் கழித்து, மிச்சத்துக்கு ஏற்ப மானியம். ஏழை மாகாணத்துக்கு அதிகம். படிக்கவே சந்தோஷமான ஏற்பாடு. 2013-ல் ஒரு கோடியாக வளர்ந்த டி.எஸ்.ஐ.பி. அந்தத் தர்க்கத்தையே தலைகீழாக்கியது. பெரிய மாவட்டம், சின்ன மாவட்டம், ஹைவே ஓரம், விமானம் மட்டும் போகும் மலை, எல்லாவற்றுக்கும் அதே ஒரு கோடி. ஹைவே ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு போடுகிற செலவும், சிமென்டை விமானத்தில் கொண்டுபோகிற இடத்தில் ஆகும் செலவும் ஒன்றா?

அந்த ஐஸ் பெட்டிக்காரர் காத்திருந்தது மானியப் பக்கத்துப் பணத்துக்கு.

இன்னொன்று டிசம்பர். வருஷக் கணக்கு 31-ஆம் தேதி மூடும். பணம் வருஷக் கடைசியில்தான் வந்து விழும். அந்த வாரம் கவுன்டரில், "தகரம் எவ்வளவு என்று ஜனவரியில் சொல்கிறோம், இன்வாய்ஸை இப்போதே போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர்கள் எல்லோரும் பணத்தைச் சுருட்ட வந்தவர்கள் இல்லை. சிலருக்கு உண்மையிலேயே அந்தப் பணத்தைக் காலாவதியாகாமல் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. தணிக்கையில் இரண்டு வகைக்கும் ஒரே பெயர்தான் விழும்.

9 ஜூலை 2025

"லஞ்ச ஒழிப்பு அமைப்பு?" 2011-ல் டாஸ்க் ஃபோர்ஸ் ஸ்வீப் என்று ஒன்றை ஓ'நீல் அரசே அமைத்தது, தலைவர் சாம் கோயிம். நன்றாக வேலை செய்தது. 2014-ல் விசாரணை பிரதமர் வரைக்கும் வந்து கைது வாரன்ட் கிளம்பியது. பிறகு அமைப்பைக் கலைத்தார்கள். 2020-ல் நிரந்தர ஆணையத்துக்குச் சட்டம் வந்திருக்கிறது. பார்ப்போம்.

14 ஆகஸ்ட் 2025

நாட்டில் எத்தனை பேர் என்பதில் ஆரம்பித்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 73 லட்சம். அடுத்தது 2020-ல் நடந்திருக்க வேண்டும், கோவிட் வந்து தள்ளிப்போய் 2024-ல்தான் நடத்தினார்கள். இடையில் 2022 கடைசியில் ஐ.நா. ஆய்வு ஒன்று கசிந்தது. ஒரு கோடியே 70 லட்சம் வரை இருக்கலாம் என்றது. 2021-க்கு அரசு போட்ட கணக்கு ஒரு கோடியே 18 லட்சம் அளவு. வித்தியாசமே ஐம்பது லட்சம்.

வாக்காளர் பட்டியலும் இப்படித்தான். 2022-ல் சாவடிக்கு வந்து பேர் இல்லை என்று திரும்பியவர்கள் ஏராளம், பட்டியலில் பேர் இருந்தும் ஊரில் இல்லாத ஆட்களும் ஏராளம். எத்தனை பேர் என்றே தெரியாதபோது எத்தனை டோஸ் தடுப்பூசி, எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் குத்துமதிப்புதான். மாவட்டத்துக்கு ஒரே தொகை என்ற முறைக்கு மட்டும் தலையை எண்ணத் தேவையில்லை. தொகுதியை இரண்டாகப் பிரித்தால் இன்னொரு கோடி வேறு. 2022-ல் 111 இடம் 118 ஆனபோது எந்த எம்.பி.யும் அழுததாக நினைவில்லை.

16 செப்டம்பர் 2025

இன்று அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்து 50 வருஷம். பழைய கடைப் பையன் ஒருவன் ஹேகனிலிருந்து போட்டோ அனுப்பினான், முகத்தில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் பூச்சு.

அவனிடம் 2024 ஜனவரி 10 பற்றி ஒருமுறை பேசியிருக்கிறேன், அப்போது அவன் மோர்ஸ்பியில் இருந்தான். போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் குறைந்து வந்தது. கம்ப்யூட்டர் கோளாறு, திருப்பித் தருகிறோம் என்றது அரசு. அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். தெருவில் போலீஸ் இல்லை என்று தெரிந்த சில மணி நேரத்தில் கடைகள் எரிந்தன. லேய்க்கும் பரவியது. 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 14 நாள் நெருக்கடி நிலை.

சம்பளப் பட்டியலில் ஒரு பிழை ஒரு தலைநகரத்தை எரித்தது என்று எழுதினால் நாடகமாக இருக்கும், ஆனால் வரிசை அதுதான். அந்தப் பட்டியல் பல வருஷமாகவே சீக்கு. ஓய்வு வயதைத் தாண்டியவர்களுக்கு பணி முடிவுப் பணம் கொடுக்கக் காசில்லாமல் அவர்களைச் சம்பளத்திலேயே வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்தால் எந்த எம்.பி.க்கும் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை. 2018 ஏபெக் மாநாட்டுக்கு 40 மசராட்டி கார் இறக்க மட்டும் வேகம் வந்தது. மாநாடு முடிந்ததும் சுடச்சுட விற்றுவிடலாம் என்றார்கள், வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்தன.

5 அக்டோபர் 2025

பிரிந்துபோகக் கேட்கும் தன்னாட்சித் தீவுப் பகுதியான புகேன்வில் பற்றித் தனி இழை தொடங்கச் சொன்னார்கள், எனக்கு நேரமில்லை, இங்கேயே போடுகிறேன்.

2019 வாக்கெடுப்பில் 97.7 சதவீதம் தனிநாடு கேட்டது. அதை மோர்ஸ்பி நாடாளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். எத்தனை ஓட்டில் அங்கீகரிப்பது என்பதிலேயே வருஷக்கணக்கில் இழுபறி. புகேன்வில் தலைவர்கள் 2027 செப்டம்பர் 1 என்று நாள் குறித்துவிட்டார்கள், அதன் அதிபர் இஷ்மாயில் டொரோமா போன மாதம் மறுபடி ஜெயித்துவிட்டார். மோர்ஸ்பியில் 2027 நடுவில் தேர்தல், பிறகு கேம்ப், பிறகு புதுப் பிரதமர். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் செப்டம்பர் 1.

அந்த நாடாளுமன்றத்தில் புகேன்விலுக்கு நாலு இடம். மூன்று மாவட்டத்துக்கும் டி.எஸ்.ஐ.பி. உண்டு. இதுவரை சொன்ன கணக்குப்படி பார்த்தால் அந்த நாலு பேரும் ஜெயிக்கிற கேம்ப்பில் இருக்க வேண்டும், அதே சமயம் நாட்டைவிட்டுப் பிரியவும் வாதாட வேண்டும். யாராவது அங்கே இப்போது இருந்தால், புகேன்வில்லின் அரவா ஊர்ப் பக்கம் ஆட்கள் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எழுதுங்கள்.